கொட்டில் என்று நாங்கள் நினைத்த வீடு

நனைந்த வைக்கோலின் மணம் வெயில் ஏறும்போதுதான் எழும். இரவில் மழை பெய்து காலையில் வெயில் பட்டதும் கூரையின் விளிம்பிலிருந்து மெல்லிய ஆவி கிளம்பும். அதில் பழைய பாயும் தேயிலைத் தூளும் ஈரமான நாயும் கலந்தது போன்ற ஒரு வாசனை இருக்கும். அப்போது எனக்கு ஒன்பது வயது. ஒஸ்லோவில், புருசெத்தில், எட்டு மாடிக் கட்டடமொன்றின் ஐந்தாவது மாடியில் பிறந்து வளர்ந்த எனக்குக் கூரை என்றால் என்னவென்றே சரியாகத் தெரியாது. எங்கள் வீட்டுக்கு மேலே இன்னொரு வீடுதான் இருந்தது. இங்கிலாந்தின் கிழக்குப் பக்கத்தில், சஃபோக் என்ற மாவட்டத்தில், கோதுமை வயல்களுக்கு நடுவே நின்ற ஒரு பழைய பண்ணை வீட்டின் முற்றத்தில்தான் நான் முதன்முதலாக ஒரு கூரையை நிமிர்ந்து பார்த்தேன்.

அந்த வீட்டைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் எது நான் கண்டது, எது பிறகு அம்மா சொன்னது, எது நானாகச் சேர்த்துக்கொண்டது என்று பிரிக்க முடியாமல் நிறுத்திவிடுவேன். இப்போதும் அந்தச் சந்தேகம் தீரவில்லை. ஆனால் எனக்கு இப்போது நான்கு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே விழுந்து எதையாவது சொல்கிறாள். அவளை அடக்குவதா விடுவதா என்று தெரியாமல் நான் விழிக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த வீட்டின் சமையலறை கண்ணுக்குள் வந்து நிற்கிறது.

எல்லாம் ஒரு புகைப்படத்தில் தொடங்கியது. அம்மாவின் ஒரே தங்கை, என் சித்தி, கொழும்பில் கல்யாணம் முடித்து இங்கிலாந்துக்குப் போய் மூன்று வருடங்கள் ஆகியிருந்தன. அந்தக் கல்யாணத்துக்கு அம்மாவால் போக முடியவில்லை. தங்கையைக் கண்டு பத்து வருடங்களுக்கு மேல் என்று சொல்லிக்கொண்டிருப்பார். வசந்தகாலத்தில் ஒருநாள், "நாங்கள் புது வீட்டுக்கு வந்திட்டம்" என்று எழுதிய கடிதத்துடன் ஒரு படமும் வந்தது. படத்தில் சித்தி ஒரு வாசலில் நின்றார். வாசல் அவருடைய தலையை இடிக்கும் உயரம். சுவர் ஒரு பக்கம் சரிந்திருந்தது. அதற்குள் கறுத்த மரச்சட்டங்கள் கோணல்மாணலாகப் புதைந்திருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே, சுவரின் பாதியை மூடிக்கொண்டு, வைக்கோல்.

அம்மா படத்தை மேசையில் வைத்துவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டார்.

"என்ர ஐயோ, இவளைக் கொண்டுபோய்க் கொட்டிலுக்கை வைச்சிருக்கிறான்."

அப்பா படத்தைத் தூக்கிப் பார்த்தார். "டொக்டர்ப் பெண்சாதி ஏனப்பா கொட்டில்ல இருக்கிறாள்?"

"டொக்டர் எண்டு ஆர் சொன்னது? புரோக்கர்தானே சொன்னவர். லண்டனிலை எஞ்சினியர் எண்டு சொல்லிக் கட்டிக்குடுத்து, போய்ப் பாத்தா பெற்றோல் அடிக்கிற செற்றிலை நிண்ட கதையள் எத்தினை கேட்டனாங்கள்? சுவரைப் பாருங்கோ, மண். மாடு கட்டுற இடம்போல கிடக்கு."

யாழ்ப்பாணத்தில் வளர்ந்த ஒருவருக்கு இது பிழையான கணக்கு அல்ல என்பதை நான் பிறகுதான் விளங்கிக்கொண்டேன். அங்கே ஓலைக் கூரையிலிருந்து ஓட்டுக் கூரைக்கு ஏறுவதுதான் ஒரு குடும்பத்தின் ஏற்றம். "கல்வீடு" என்ற சொல்லை அம்மா உச்சரிக்கும்போதே முதுகு நிமிரும். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான் போகும். அம்மாவின் தகப்பனார் கட்டிய கல்வீட்டை மூத்த மகளான அம்மாவுக்குச் சீதனமாக எழுதிவிட்டு, இளையவளுக்குப் பக்கத்து வளவில் இன்னொன்று கட்டித் தருவதாகச் சொல்லியிருந்தார். அதற்கு அத்திவாரமும் வெட்டவில்லை. சண்டை வந்து எல்லோரும் எழும்பி ஓட வேண்டியதாயிற்று. ஆகவே தங்கை வைக்கோலின் கீழ் நிற்கும் படத்தைப் பார்த்தபோது அம்மாவுக்குத் தன் மீதே ஒரு குற்றப்பத்திரிகை வந்ததுபோல் இருந்திருக்க வேண்டும்.

நேரே கேட்டிருக்கலாமே என்று இன்று தோன்றுகிறது. கேட்டார் என்றும் சொல்லலாம். தொலைபேசியில் "எப்பிடி இருக்கிறாய்?" என்றார். சித்தி "நல்லா இருக்கிறம் அக்கா" என்றார். வெளிநாட்டிலிருக்கும் எங்களவர்கள் எல்லோரும் எப்போதும் சொல்வது அதுதான் என்பதால், அம்மா அதைக் கேட்டு இன்னும் அதிகமாக அழுதார்.

பிறகு புருசெத் முழுவதற்கும் தெரிந்துவிட்டது. எனக்கு "ஒருத்தருக்கும் சொல்லாதை" என்று கட்டளையிட்ட அம்மாதான் தமிழ்ப் பாடசாலை வாசலில் மற்ற அம்மாமாருக்குத் தணிந்த குரலில் சொன்னார். ஒரு வாரத்துக்குள் எங்கள் கதவடியில் பைகள் வந்து சேர்ந்தன: கம்பளி உள்ளாடைகள், குளிர் ஜக்கெற்றுகள், ஒரு சோறு அவிக்கும் மின்சாரப் பானை, யாரோ ஒருமுறை மட்டும் போட்ட சப்பாத்துகள். அவ்வளவையும் அம்மா இரண்டு பெரிய பெட்டிகளுக்குள் அடைத்தார். அதோடு என் அறையில், என் கட்டிலுக்கு எதிரே, இன்னொரு கட்டிலையும் அப்பாவைக் கொண்டு பொருத்துவித்தார். கோடை விடுமுறையில் போய்த் தங்கையைக் கையோடு கூட்டி வருவதுதான் திட்டம். சித்தப்பாவைப் பற்றி அந்தத் திட்டத்தில் என்ன இருந்தது என்று எனக்கு ஞாபகமில்லை. ஒன்றும் இருக்கவில்லை என்றே நினைக்கிறேன். எனக்கு ஒரே சந்தோஷம். கூடப்பிறந்தவர்கள் இல்லாத எனக்கு அந்த அறையில் இனி ஒரு ஆள்.

அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அம்மாவும் நானும் போனோம். விமான நிலையத்துக்குச் சித்தப்பா ஒரு பெரிய கறுப்புக் காரில் வந்தார். அம்மா என் காதுக்குள், "ஆரிட்டையோ இரவல் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார், பாவம்" என்றார். சித்தப்பா உயரமான, மெல்லப் பேசுகிற மனிதர்; பெட்டிகளைத் தூக்கியபோது, "என்ன மச்சாள், நோர்வேயையே கட்டிக்கொண்டு வந்திட்டியளோ?" என்று சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

அந்த வீடு படத்தில் இருந்ததைவிட விசித்திரமாக இருந்தது. வெளிச்சுவர் வெளிறிய ரோசா நிறம். வைக்கோல் மிகத் தடிப்பாக, ஒரு கம்பளித் தொப்பியைப் புருவம் வரை இழுத்து மாட்டியதுபோல் ஜன்னல்களின் மேல் வந்து கவிந்திருந்தது. உள்ளே எதுவும் நேராக இல்லை. கூரையைத் தாங்கிய மரத் தீராந்திகள் என் கையால் அணைக்க முடியாத மொத்தம். அவற்றில் யாரோ எப்போதோ கத்தியால் கீறிய வட்டங்கள் இருந்தன. மாடி அறையின் தரையில் ஒரு தோடம்பழத்தை வைத்தால் அது தானாக உருண்டு மூலைக்குப் போய்ச் சேரும். அம்மா முதல் நாளே மூன்று தடவை நிலையில் தலையை இடித்துக்கொண்டார். ஒவ்வொரு இடிக்கும் அவர் கண்ணில் நிறைந்த தண்ணீர் வலியால் மட்டும் வந்ததல்ல.

அவர் காணும் ஒவ்வொன்றும் ஒரு சாட்சியாயிற்று. சாமிப்படங்களுக்கு முன்னால் விளக்கு எரியவில்லை. மின்கலத்தில் மினுங்கும் ஒரு சின்ன விளக்குத்தான் இருந்தது. வைக்கோல் வீட்டுக்குள் திரி கொளுத்தச் சித்தப்பாவுக்குப் பயம் என்று சித்தி சொன்னார். "எண்ணெய்க்கு வழியில்லை. அதை வாயால சொல்லேலாமல் இப்பிடிச் சொல்லுறாள்" என்று அம்மா குளியலறைக்குள் வைத்து என்னிடம் சொன்னார். நான் தலையாட்டினேன். அம்மா சொன்னால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஆனால் எனக்கு வேறொன்று கண்ணில் பட்டது. அதை எப்படிச் சொல்வதென்று அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. சித்தி எங்களோடேயே திரிந்தார். அம்மா குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்று கதைத்தார். நான் முற்றத்துக்குப் போனால் செருப்பைக்கூட மாட்டாமல் பின்னால் வந்தார். நான் பள்ளிக்கூடத்தில் படித்த நோர்வே மொழிப் பாட்டைப் பாடச் சொல்லி, ஒரு சொல்லும் விளங்காமல், மூன்று தடவை கேட்டார். சித்தப்பா காலையில் போனால் பொழுதுபட்டுத்தான் வருவார். அடுத்த வீடு வயலுக்கு அப்பால். பேருந்து நாளுக்கு இரண்டு. தொலைபேசிக்குப் பக்கத்தில், ஜன்னலைப் பார்த்தபடி ஒரு கதிரை இருந்தது. வீட்டிலிருந்த எல்லாக் கதிரைகளிலும் அதன் மெத்தை மட்டும் குழிந்து போயிருந்தது.

ஐந்தாம் நாள் ஒரு பெண்ணும் ஒரு ஆணும் கையில் குறிப்புப் புத்தகங்களோடு வந்தார்கள். அவர்களைக் கண்டதும் அம்மா என்னை இழுத்துக்கொண்டு மாடிக்குப் போய், தலை இழுத்து, நல்ல சட்டை மாட்டி, "கேட்டா எல்லாம் சாப்பிடுறனான் எண்டு சொல்லு" என்றார். ஒஸ்லோவில் அந்த நாட்களில் எங்கள் அம்மாமார் எல்லோருக்கும் பார்னெவார்ன் என்ற, வீட்டிலிருந்து பிள்ளையைப் பிரித்துக்கொண்டு போகக்கூடிய பிள்ளைகள் நலப் பகுதியைப் பற்றிய ஒரு பயம் இருந்தது. எங்கள் வீட்டுக்கு அவர்கள் ஒருநாளும் வந்ததில்லை. ஆனாலும் புத்தகத்தோடு வரும் யாரும் பிள்ளையைத்தான் பார்க்க வருகிறார்கள் என்று அம்மா நம்பினார். (நான் சிரிக்கக் கூடாது. போன மாதம் மகளின் முழங்காலில் அடிபட்டு ஒரு கண்டல் இருந்தபோது, பார்னகாகெ என்ற பாலர் பள்ளியின் ஆசிரியை கேட்பதற்கு முன்னமே நானாகப் போய் அது எப்படி வந்ததென்று விளக்கினேன்.) நான் சீவிய தலையோடு இறங்கி வந்து நின்றேன். வந்தவர்கள் என்னைப் பார்த்துப் புன்னகைத்துவிட்டுக் கூரையைப் பார்க்கத் தொடங்கினார்கள். ஒரு மணித்தியாலம் பார்த்தார்கள். அந்தப் பெண் ஒரு தீராந்தியை, கோயில் தூணைத் தொடுவதுபோல், உள்ளங்கையால் தொட்டாள்.

அவர்கள் போனபின் சித்தப்பா தேநீரோடு வந்து அமர்ந்தார். அன்று அவருக்கு அரை நாள் விடுமுறை.

"நானூறு வருசம் மச்சாள், இந்த வீடு. முகட்டு வைக்கலை மாத்தவேணும். அதுக்கும் பழைய வீடுகளைப் பாதுகாக்கிற இந்தக் கவுன்சில் ஆக்களிட்டைக் கேட்கவேணும். ஒரு ஆணி அடிக்கிறதெண்டாலும் கேட்டுத்தான்."

"சொந்த வீட்டிலையோ?"

"சொந்த வீடுதான். இப்பிடி ஒரு வீடு கிடைக்கிறதெண்டா லேசில்லை. லண்டன் ஆக்கள் போட்டி போட்டவை. எனக்குச் சின்னனிலை இருந்தே இப்பிடி ஒரு வீட்டிலை ஆசை. இஞ்சத்தை கிளினிக்கிலை வேலை கிடைச்சதும் முதல் வேலையா இதைத்தான் பாத்தனான்."

அம்மாவின் முகத்தை நான் பார்த்தேன். ஒரு பெரிய கணக்கைக் கரும்பலகையில் முழுவதுமாகச் செய்து முடித்தபின் முதல் வரியிலேயே பிழை என்று காண்கிற ஆளின் முகம். அவர் தேநீரைக் குடித்து முடித்து, கோப்பையைக் கழுவி வைத்து, மாடிக்குப் போய் அந்த இரண்டு பெட்டிகளையும் கட்டிலின் கீழ், சுவரோடு அண்டத் தள்ளினார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பிழையாகிப்போனது. திட்டம் மாறியதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். நாங்கள் புறப்பட மூன்று நாள்தான் இருந்தது. சித்தி இன்னும் உடுப்பு அடுக்கத் தொடங்கவில்லை. அம்மா சொல்ல மறந்துவிட்டார் என்று நினைத்தேன். சமையலறையில் சித்தி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்; அம்மா புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தார். நான் நல்ல பிள்ளையாக, உதவி செய்கிற எண்ணத்தோடு சொன்னேன்:

"சித்தி, நீங்கள் எப்ப அடுக்கப்போறீங்கள்? என்ர அறையிலை உங்களுக்குக் கட்டில் போட்டாச்சு. இனி இந்தக் கொட்டில்லை இருக்கத் தேவையில்லை. ஜக்கெற் எல்லாம் புருசெத் அன்ரிமார் தந்தவை, பெட்டியிலை இருக்கு."

சித்தி முதலில் சிரித்தார். கத்தியை வைத்துவிட்டு, மேசையைப் பிடித்துக்கொண்டு, மூச்சுத் திணறுமளவு சிரித்தார். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"புருசெத் முழுக்கச் சொல்லிப்போட்டோ வந்தனீங்கள், அக்கா?"

"நீ ஏன் ஒண்டும் சொல்லேல்லை? வைக்கலைப் போட்டுப் படம் அனுப்பினா நான் என்னெண்டு நினைக்கிறது?"

"கேட்டனீங்களே?"

"எப்பிடி இருக்கிறாய் எண்டு கேட்டனான்தானே!"

"கல்வீட்டுக்காரிக்கு மற்றவையின்ர கூரைதான் தெரியும். சண்டைக்குப் பிறகு உங்கட கல்வீட்டுக்கு ஓடும் இல்லை, வளையும் இல்லை. இந்தக் கொட்டில் நானூறு வருசமா நிக்குது."

அம்மாவின் கை மாவுக்குள் அப்படியே நின்றது. அவர் அழுவார் என்று நினைத்தேன்; அழவில்லை. "நான் கேட்டோ அப்பு வீட்டை எனக்கு எழுதினவர்?" என்று மட்டும் சொன்னார். சித்தி கத்தியை எடுத்து மறுபடி வெங்காயம் உரித்தார். அன்றைக்குப் புட்டு கட்டி கட்டியாக இருந்தது. யாரும் குறை சொல்லவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா என்னை மாடிக்குக் கூட்டிப் போய், காதைத் திருகவில்லை, அடிக்கவில்லை, "இனிப் பெரியாக்களின்ர அலுவலிலை வாய் திறந்தியோ, பார்" என்று பல்லுக்குள்ளால் சொன்னார். நான் சொல்வழி கேட்கிற பிள்ளை. அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை.

கடைசிக் காலை. இரவு மழை பெய்திருந்தது. சித்தப்பா பெட்டிகளைக் காருக்குள் ஏற்றிக்கொண்டிருந்தார். வந்த அதே பெட்டிகள், திறக்காமலே. அம்மா உள்ளே கைப்பையைத் தேடிக்கொண்டிருந்தார். கூரையின் விளிம்பிலிருந்து துளிகள் ஒவ்வொன்றாக, ஓட்டிலிருந்து விழுவதைவிட மெதுவாக, யோசித்து யோசித்து விழுந்தன. சித்தி குனிந்து என் ஜக்கெற்றின் சிப்பை மேலே இழுத்துவிட்டார். இழுத்த பின்னும் கையை எடுக்கவில்லை.

"அந்தக் கட்டில் இன்னும் அங்கை கிடக்குதோ, பிள்ளை?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார் என்று நினைக்கிறேன். கண் சிவந்திருந்தது என்றும் நினைக்கிறேன். இரண்டும் ஒரே முகத்தில் இருக்க முடியுமா என்று அப்போது எனக்குத் தெரியாது. கட்டில் அங்கேதான் இருந்தது. நீலப் பூப் போட்ட விரிப்பை நானே தெரிவு செய்திருந்தேன். ஆனால் இது பெரியவர்களின் அலுவல்.

"தெரியாது சித்தி" என்றேன்.

அவர் என் தலையைத் தடவிவிட்டு நிமிர்ந்தார். அம்மா வந்தார். இருவரும் கட்டிப்பிடித்தார்கள், விட்டார்கள். கார் வயலோரம் திரும்பும் வரை சித்தி அந்தத் தாழ்ந்த வாசலில் நின்றார், படத்தில் நின்றதுபோலவே.

அதன்பிறகு பல மாதங்கள் அக்காவும் தங்கையும் கதைக்கவில்லை. தைப்பொங்கலுக்கு ஒருவர் தொலைபேசி எடுத்தார். யார் முதலில் எடுத்தது என்பதில் இன்றுவரை இருவருக்கும் இரண்டு கதை. அந்தக் கட்டிலை அப்பா கழற்றி, புதிதாக வந்த ஒரு குடும்பத்துக்குக் கொடுத்தார். சித்தி அங்கேயே பதினான்கு வருடங்கள் இருந்தார், கார் ஓட்டப் பழகினார், கிராமத்து நூலகத்தில் வேலைக்குப் போனார், பிள்ளைகள் இல்லை. சித்தப்பாவின் முழங்காலுக்குப் பழைய மாடிப்படி ஒத்துக்கொள்ளாமல் போகவே, வீட்டை விற்றுவிட்டு லண்டனில் செங்கல் வீடொன்றுக்கு வந்துவிட்டார்கள். வாங்கியவர்கள் இப்போது அதை வார இறுதி விருந்தினருக்கு வாடகைக்கு விடுகிறார்கள். இணையத்தில் படங்களைப் பார்த்தேன். சுவருக்கு வெள்ளை பூசிவிட்டார்கள். தொலைபேசி இருந்த ஜன்னலடியில் ஒரு பூச்சாடி. வைக்கோல் புதியது, மஞ்சளாக, யாருடையதோ போல் இருந்தது. சித்தி அனுப்பிய அந்த முதல் படமும் எங்களிடம் இல்லை. கேட்டால் அம்மா, "நான் கொட்டில் எண்டு ஒருநாளும் சொன்னதில்லை. உனக்கு விசர்" என்கிறார்.

சென்ற இலையுதிர்காலத்தில் சித்தி ஒஸ்லோவுக்கு வந்தார். குரோருட்டில் எங்கள் வீட்டில் நான்கு நாட்கள் தங்கினார். கேட்பதா விடுவதா என்று மூன்று நாள் யோசித்தேன். கேட்டால் ஆறிய புண்ணைக் கிளறுவேனோ என்று பயம். கேட்காவிட்டால் இனி எப்போது என்ற பயம். கடைசி நாள் மகளின் உடுப்புகளை இருவரும் மடித்துக்கொண்டிருந்தபோது, அன்று அந்தக் கட்டிலைப் பற்றிக் கேட்டது ஞாபகமா என்று கேட்டேவிட்டேன்.

"நானோ? அப்பிடிக் கேட்டனானோ?" சித்தி ஒரு சின்னக் காலுறைக்குச் சோடி தேடினார். "ஞாபகமில்லையடி பிள்ளை. கேட்டிருந்தாலும் பகிடிக்குத்தான் கேட்டிருப்பன்."

சற்று நேரம் மடித்தோம். பிறகு அவர் நிமிராமலே, "நீ என்ன சொன்னனீ?" என்றார்.

"தெரியாது எண்டு சொன்னனான்."

"ம். ஒன்பது வயசுப் பிள்ளை வேற என்னத்தைச் சொல்லும்" என்றார்.

ஞாபகமில்லாதவர் பதிலை ஏன் கேட்டார்? ஞாபகமில்லாதவருக்கு என் வயது எப்படித் தெரியும்? நான் சொல்லியிருந்தேனா? அன்றிலிருந்து அந்த உரையாடலைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். வயதைச் சொன்னதாகவும் இருக்கிறது, சொல்லாததாகவும் இருக்கிறது.

அவரை விமான நிலைய ரயிலில் ஏற்றிவிட்டு வந்த மாலை அம்மா தொலைபேசியில் எடுத்தார். அவளுக்குச் சாப்பாடு என்ன கட்டிக் கொடுத்தாய், குளிருக்கு ஏதும் போட்டாளா என்றெல்லாம் கேட்டார்.  வைக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"நான் அண்டைக்கு வாயைத் திறந்து அவளை எங்களோடை வா எண்டு ஒருக்காக் கேட்டிருக்கலாம், என்ன?" என்றார். "அவ்வளவு பெரிய வீடு எண்டு தெரிஞ்ச பிறகு, கேட்க எனக்கு வெக்கமாப் போச்சு."

இல்லை அம்மா, கேட்டிருந்தாலும் சித்தி வந்திருக்க மாட்டா என்று சொல்லியிருந்தால் அம்மாவுக்கு அன்றிரவு நித்திரை வந்திருக்கும். கட்டிலைப் பற்றிச் சித்தி என்னிடம் கேட்ட கேள்வியே அம்மாவுக்குத் தெரியாது. அதை நான் ஒருநாளும் அவரிடம் சொன்னதில்லை. மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்து, யாரோடு கதைக்கிறாய், என்ன கதைக்கிறாய் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அவளை விலக்கவில்லை.

"ஓம், அம்மா" என்றேன். "கேட்டிருக்கலாம். கேட்டிருந்தா வந்திருப்பா எண்டுதான் நினைக்கிறன்."

 நான் செய்தது சரிதானா என்று இதை எழுதும்போதும் எனக்குத் தெரியவில்லை.